பாலித் தீவின் மரபுக் காலக்கணக்கு அங்குள்ள இசையையும் உழவையும் எப்படி வடிவமைக்கிறது?

பாலியில் உபுதுக்குப் பக்கத்து ஊரொன்றில், கோங்குகளும் வெண்கலத் தட்டு வாத்தியங்களும் சேர்ந்து ஒலிக்கும் கமெலான் இசையைக் கற்றுக்கொள்ளப் போனேன். சின்ன வயதில் மிருதங்கம் படித்ததால் முதல் தட்டுதான் சமம் என்று கை பழகியிருந்தது. அங்கே பெரிய கோங் விழுவது சுற்றின் கடைசி எண்ணிக்கையில். சுற்று முடிவதும் அடுத்தது பிறப்பதும் அந்த ஒரே அடியில்தான். கஜார் என்னும் சின்ன கோங் ஒவ்வொரு எண்ணிக்கையையும் தட்டும், கெம்பூர் என்னும் நடுத்தரக் கோங் எப்போதாவது இடையில் வரும், எல்லாம் கோங்கில் போய்ச் சேரும்.

அவர்களுடைய பாவுகோன் நாள்காட்டியும் இதே கட்டுதான். 210 நாளில் ஒரு சுற்று. ஒரு நாள் வாரம் முதல் பத்து நாள் வாரம் வரை பத்து வகை வாரங்கள் ஒரே சமயத்தில் ஓடுகின்றன. ஏழு நாள் வாரத்தின் பெயர்கள் நம் காதுக்குப் புதிதல்ல: சோம, அங்காரா, புத, சுக்ர. எந்த வாரத்தின் எந்த நாள் எதோடு சேர்கிறது என்பதுதான் அவர்களுக்கு முக்கியம். சனிக்கிழமையும் ஐந்து நாள் வாரத்தின் கிளிவோனும் சேர்ந்தால் தும்பெக். 35 நாளுக்கு ஒன்று. அதில் தும்பெக் குருலுத் அன்று வாத்தியங்களுக்கே படையல்.

வயலிலும் சேர்க்கைதான் எல்லாம். சுபக் என்னும் பாசனச் சங்கங்கள் நீர்க்கோயில்களில் கூடி, யார் எப்போது நடுவது என்று முடிவு செய்கின்றன. பக்கத்து வயல்கள் ஒன்றாக நட்டு ஒன்றாக அறுத்தால் புகையான் என்னும் நெற்பூச்சிக்குத் தீனி இல்லை. ஆனால் எல்லாரும் ஒரே நாளில் நட்டால் தண்ணீர் போதாது. அதனால் மேல்மடையும் கீழ்மடையும் முறை வைக்கின்றன. கமெலானில் ஒருவர் விடும் இடைவெளியில் இன்னொருவர் வாசிக்கிறாரே, அதே ஒழுங்கு. 1970களில் அரசு புது நெல்லைக் கொடுத்து, இடைவிடாமல் நடச் சொன்னது. முறை குலைந்தது, பூச்சி பெருகியது. கோயில் முறையே விளைச்சலைக் காக்கிறது என்று மானிடவியலாளர் ஸ்டீபன் லான்சிங் பிறகு கணினி மாதிரியில் காட்டினார். ஒரு நாட்டின் அறிவை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிய அந்த அவசரம் எனக்கு இன்றும் வலிக்கிறது.

கலுங்கான் திருநாளுக்கு 25 நாள் முன்பு மரங்களுக்கான தும்பெக் வரும். நான் தங்கிய வீட்டுப் பெரியவர் அன்று பலாமரத்தடியில் கஞ்சி படைத்து, அடிமரத்தை மெல்லத் தட்டினார். "இன்னும் 25 நாள்தான், நிறையக் காய்த்துக் கொடு" என்று மரத்திடமே கேட்டுக்கொண்டார்.