தூரம் பாதி, நேரம் மட்டும் ஏன் குறையவில்லை?

கேள்வி: என் தாயார் யாழ்ப்பாணம் அருகே சுன்னாகத்தில் பிறந்தவர், வயது 81. ஊரை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்கிறார். சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். அதில் பாதி தூரமே உள்ள யாழ்ப்பாணத்துக்கும் கிட்டத்தட்ட அதே நேரத்தைப் போட்டிருக்கிறார்கள். அச்சுப் பிழையா? எந்த வழியில் அழைத்துப் போகலாம்?
– வாசகி, தாம்பரம்

பதில்: பிழை இல்லை, அம்மா. முப்பது ஆண்டுகள் டிக்கெட் பதிவு செய்யும் வேலையில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். நேர்கோட்டில் சென்னையிலிருந்து யாழ்ப்பாண விமான நிலையம் உள்ள பலாலி சுமார் 355 கிலோமீட்டர், கொழும்பு விமான நிலையம் உள்ள கட்டுநாயக்க சுமார் 645. கொழும்புக்குப் போவது ஜெட். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். பலாலியின் ஓடுபாதை குட்டையானது. அதனால் அங்கே ஏ.டி.ஆர். என்ற சுழல்விசிறி விமானம்தான் போகிறது. அதன் வேகம் சுமார் 500. இரண்டையும் வகுத்துப் பாருங்கள், வானத்தில் ஓடும் நேரம் ஐந்து, பத்து நிமிடமே வித்தியாசப்படும். டிக்கெட்டில் உள்ள நேரமோ, விமானம் நிற்குமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து அங்கே போய் நிற்கும்வரை. சென்னையில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போய் முறைக்காகக் காத்திருப்பதும் அதில் அடக்கம். தூரம் குறைந்தாலும் அந்த நிமிடங்கள் குறையாது.

இலங்கை நேரமும் நம் நேரமும் 2006 முதல் ஒன்றுதான். ஆகவே புறப்படும் நேரத்தை இறங்கும் நேரத்திலிருந்து அப்படியே கழித்துக்கொள்ளலாம்.

ஆனால் நீங்கள் கணக்கிட வேண்டியது அம்மாவின் முழுப் பயணத்தை. கட்டுநாயக்கவில் இறங்கினால் சுன்னாகத்துக்குச் சாலையில் ஏழெட்டு மணி நேரம். பலாலியிலிருந்து காரில் அரை மணி நேரம்கூட ஆகாது. 81 வயதில் இதற்குமேல் யோசிக்கவே வேண்டாம், பலாலிக்கே போங்கள்.

புதிய வழியும் அல்ல அது. 1947 டிசம்பர் 10 அன்று அன்றைய இலங்கை விமான நிறுவனமான ஏர் சிலோனின் முதல் விமானம் கொழும்பை அடுத்த இரத்மலானையில் கிளம்பி, பலாலியை ஒட்டிய காங்கேசன்துறை வழியாகத்தான் சென்னைக்கு வந்தது. போரால் அறுந்துபோன சென்னைத் தொடர்பு 2019 நவம்பரில் மீண்டது. கொரோனாவில் நின்று 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. அந்தச் செய்தியைப் படித்த காலையில் என் அத்தை அழுதார். அடுத்த ஆண்டே அவரை அழைத்துப் போனேன்.

அந்த அனுபவத்தில் இரண்டு விஷயங்கள். சக்கர நாற்காலி தேவை என்பதை டிக்கெட் எடுக்கும்போதே பதிவு செய்துவிடுங்கள். சிறிய விமானத்தில் ஏறுவதற்கு நாலைந்து படிகள்தான். அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டு தாமே ஏறினார். போகும்போது வலப்பக்க ஜன்னல் இருக்கையைக் கேளுங்கள். இறக்கை மேலே இருப்பதால் கீழே பார்க்க மறைப்பு இராது. மேகம் இல்லாத நாளென்றால் நம் கரை கோடியக்கரையில் முடிவது தெரியும். அம்மா உறங்கியிருந்தால் அப்போது எழுப்பிவிடுங்கள்.