ரோமானிய இடிபாடுகளைச் சிவப்பு சாக்கால் வரைந்தால் படம் ஏன் சேறாகிவிடுகிறது?

பெரும்பாலும் விரலால் தேய்ப்பதால்தான். சிவப்பு சாக் என்பது இரும்பு ஆக்சைடு கலந்த களிமண். தேய்த்தால் நுண்துகள் காகிதத்தின் குழிகளை அடைத்துவிடும்; மேலே போடும் கோடு பிடிக்காது, ரப்பரும் முழுதாக எடுக்காது. 1754 முதல் 1765 வரை ரோமில் தங்கி இடிபாடுகளை வரைந்த பிரெஞ்சு ஓவியர் யூபேர் ரோபேரின் சாக் படங்களைப் பாருங்கள். நிழலெல்லாம் சாய்கோடுகள், இடையிடையே வெறும் காகிதம். கல்லில் வெயில் அடிப்பதாகத் தோன்றுவது அந்த வெற்றிடத்தால்தான்.

பழகுவதற்கு, பழைய ரோமின் பொதுச் சதுக்கமான ரோமன் ஃபோரத்தில் மிஞ்சி நிற்கும் காஸ்டர்–பொல்லக்ஸ் கோயிலின் மூன்று தூண்கள் நல்ல பாடம். லேசான சொரசொரப்புள்ள, 160 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 160 கிராம் எடை) இளம்பழுப்புக் காகிதம் போதும். தூண்களின் நடுக்கோடுகளையும் மேலே தங்கியிருக்கும் உத்தரத் துண்டையும் மெலிதாகக் குறித்துக்கொள்ளுங்கள். சாக்கை 2 செ.மீ. துண்டாக உடைத்து, படுக்கவைத்து, நிழல் பக்கத்தை ஒரே இழுப்பில் போடுங்கள்.

தூணின் நெடும்பள்ளங்கள் அத்தனையையும் வரைய வேண்டாம். வெயிலும் நிழலும் சந்திக்கும் இடத்தில் நாலைந்து போதும். ஓரத்தை நெருங்க நெருங்க இடைவெளி குறைய வேண்டும். எல்லாம் ஒரே இடைவெளியில் இருந்தால் தூண் பலகையாகிவிடும்.

அழுத்தமான கோட்டை உடைந்த விளிம்புக்கும் தூணின் உச்சியில் செதுக்கியிருக்கும் இலைகளின் அடிப்பகுதிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை சாக் சிவப்பின்மேல் பட்டால் ரோஸ் நிறமாகிவிடும், அசிங்கமாக இருக்கும். வெற்றுக் காகிதத்தில் மட்டும் தொடுங்கள்.

கடைசியில், சாக் உதிராமல் பிடித்துவைக்கும் தெளிப்பான ஃபிக்ஸேட்டிவை 30 செ.மீ. தள்ளி நின்று இரண்டு மெல்லிய பூச்சாக அடியுங்கள். காகிதம் நனையும் அளவுக்கு அடித்தால் நிறம் கறுத்து, வெள்ளை மறைந்துபோகும்.