பழைய மேனுவல் லென்ஸை டிஜிட்டல் கேமராவில் மாட்டி பூச்சி, பூ எல்லாம் எடுக்க முடியுமா, இல்லை காசுக்குப் பிடித்த கேடா?

முடியும். நான் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். "ஷோகேஸில் வைக்கலாம்" என்று இங்கே ஏற்கெனவே பதில் எழுதியவர்கள் ஒரு தடவையாவது அந்த ஃபோகஸ் வளையத்தைத் திருப்பிப் பார்த்திருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் சண்டைக்கு வருவார்கள். பறக்கிற பறவைக்கு இது ஆகாது. வேடந்தாங்கலில் நத்தைக்குத்தி நாரை கூட்டில் இறங்குவதை எடுக்க வேண்டுமா, நல்ல ஆட்டோஃபோகஸ் டெலி லென்ஸை வாடகைக்காவது எடுங்கள். நான் சொல்வது ஒரு சாண் இடத்துக்குள் நடமாடுகிற உயிர்களைப் பற்றி. எறும்பு, சிலந்தி, எருக்கஞ்செடியில் இலை தின்கிற புழு, விடிகாலைப் பனியில் நனைந்து அசையாமல் கிடக்கிற ஊசித்தட்டான், இப்படி.

என்னிடம் இருப்பது நிக்கானின் மைக்ரோ நிக்கோர் 55 எம்எம் எஃப் 3.5 லென்ஸ். கும்பகோணம் பக்கம் ஸ்டுடியோ வைத்திருந்த சித்தப்பாவுடையது. இறந்துபோனவர்களின் பழைய பாஸ்போர்ட் படத்தைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதைக் காப்பி எடுத்துப் பெரிதாக்கி மாலை போடுகிற அளவுக்குத் தருவதற்காக வாங்கியது. தட்டையான காகிதத்தை மூலைக்கு மூலை கூர்மையாக எடுக்கச் செய்த லென்ஸ். தனியாகவே பொருளின் பாதி அளவுக்கு சென்சாரில் (கேமராவுக்குள் படம் பதிகிற தகட்டில்) படம் விழும். கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் எக்ஸ்டென்ஷன் ட்யூப் என்கிற வெற்றுக் குழாயைப் போட்டால் முழு அளவு.

அதை சோனி மிரர்லெஸ் (உள்ளே ஆடி இல்லாத) கேமரா பாடியில் மாட்டி எங்கள் கொல்லை மாமரத்து முசுறுகளை எடுத்தேன். முசுறு கூடு கட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எறும்பு வேலை மாதிரியே இருக்காது. ஒரு இலையின் விளிம்பில் வரிசையாகக் காலூன்றி, அடுத்த இலையின் விளிம்பைத் தாடையால் கவ்வி இழுக்கும். இடைவெளி பெரிதாக இருந்தால் ஒன்றன் இடுப்பை ஒன்று கவ்விச் சங்கிலி போடும். இரண்டு இலையும் கிட்டே வந்ததும் வேறு சில எறும்புகள் தங்கள் புழுக்களை வாயில் தூக்கிக்கொண்டு வரும். இழை வருவது அந்தப் புழுவிடமிருந்துதான், வளர்ந்த எறும்பிடம் இழை கிடையாது. புழுவை இந்த விளிம்பில் ஒரு தொடு, அந்த விளிம்பில் ஒரு தொடு என்று தறியில் நாடா ஓடுகிற மாதிரி ஓட்டித் தைக்கும்.

இதைப் படமெடுக்க ஆட்டோஃபோகஸ் பெரிய உதவி செய்யாது. உணர்கொம்பை ஆட்டிக்கொண்டே இருக்கிற எறும்பை விட்டுவிட்டு, அசையாத இலை விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். நான் செய்தது, வளையத்தைக் கடைசி வரை திருப்பிவைத்துவிட்டு அதைத் தொடவே இல்லை. உடம்பை முன்னும் பின்னும் மெல்ல அசைத்து, எறும்பின் கண் தெளிவாகிற கணத்தில் ஷட்டரை அமுக்கினேன். அந்த அளவுக்குக் கிட்டே போனால் லென்ஸின் துளையை எஃப் 8 அளவுக்குச் சுருக்கி வைத்தாலும் தெளிவு சுமார் 2 மில்லிமீட்டர் ஆழம்தான். எறும்பின் தலை தெளிந்தால் வயிறு மங்கும். திரையில் விளிம்புகளுக்கு நிறம் காட்டும் ஃபோகஸ் பீக்கிங்கை இங்கே நம்பாதீர்கள், அது உண்மையில் தெளிவாக இருப்பதைவிட அகலமாகவே காட்டும். கழுத்தில் ஏறிக் கடித்த முசுறுகளைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். ஆனாலும் புழுவின் வாயிலிருந்து இழை கிளம்புகிற இடம் பளிச்சென்று விழுந்த படம் ஒன்று கிடைத்தது. புது மேக்ரோ லென்ஸ் வைத்திருப்பவர்களிலும் பலர் கிட்டத்தில் எடுக்கும்போது ஆட்டோஃபோகஸை அணைத்துவிட்டு இதே வேலையைத்தான் செய்கிறார்கள், கேட்டுப் பாருங்கள்.

இந்தப் படத்தை ஒரு போட்டிக்கு அனுப்பினேன். நிராகரித்துவிட்டார்கள். காரணம், கோப்பின் விவரத்தில் லென்ஸ் பெயரும் அப்பெர்ச்சரும் (லென்ஸ் துளையின் அளவு) இல்லையாம், "வேறு இடத்தில் எடுத்ததாக இருக்கலாம்" என்று ஒரு வரி. லென்ஸில் மின்தொடர்பே இல்லை, கேமராவுக்கு எப்படித் தெரியும்? கேமரா பதிந்த மூலக் கோப்பான ரா கோப்பையே தருகிறேன் என்று எழுதினேன், பதிலே இல்லை. நுழைவுக் கட்டணம் மட்டும் திரும்பி வரவில்லை. சொல்லப்போனால் இந்தப் போட்டிகளின் விதிமுறையைக் கடைசி வரை படியுங்கள். அனுப்பிய எல்லாப் படத்தையும், பரிசு வாங்காததையும் சேர்த்து, காலண்டரிலோ விளம்பரத்திலோ அவர்கள் இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று பொடி எழுத்தில் இருக்கும். நம்மிடம் காசு வாங்கி நம் படத்தையும் வாங்கிக்கொள்வதற்குப் பெயர் போட்டியா? சரி, விடுங்கள்.

நீங்கள் டிஎஸ்எல்ஆர் (உள்ளே ஆடி உள்ள கேமரா) வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன், பெரும்பாலும் அப்படித்தான் கேட்பார்கள். விஷயம் மவுண்டுக்கும் (லென்ஸ் மாட்டுகிற வாய்) சென்சாருக்கும் உள்ள தூரத்தில் இருக்கிறது. எம்42 திருகு லென்ஸ்களுக்கு 45.46 மி.மீ. வேண்டும். கேனான் ஈஎஃப் பாடியில் 44 மி.மீ., அதனால் இரண்டையும் இணைக்க அடாப்டர் என்கிற மெல்லிய வளையம் ஒன்று போதும். நிக்கான் எஃப் பாடியில் ஏற்கெனவே 46.5, லென்ஸ் கேட்பதைவிட அதிகம், அதனால் தூரத்து மலை ஃபோகஸ் ஆகாது என்று எல்லோரும் பயமுறுத்துவார்கள். உண்மைதான். ஆனால் பூச்சி எடுப்பவனுக்கு மலை எதற்கு? கண்ணாடி வைத்த அடாப்டரைத் தேடாமல் வெறும் வளையத்தையே போடுங்கள். சோனி ஈ மவுண்டில் 18 மி.மீ.தான், பெரும்பாலான பழைய லென்ஸ்களை மாட்டலாம். இதற்கு அடாப்டர் என்பது உள்ளே ஒன்றுமில்லாத குழாய். மெனுவில் லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கும் வசதியை ஆன் செய்ய வேண்டும், இல்லையென்றால் கேமரா கிளிக்கே ஆகாது. 1977-க்கு முந்தைய, அப்பெர்ச்சர் வளையத்தில் மாற்றம் செய்யாத நிக்கான் லென்ஸை மட்டும் நிக்கான் டி7000 போன்ற பாடிகளில் திருகிவிடாதீர்கள், மவுண்ட் ஓரத்தில் இருக்கும் சின்னக் கொக்கி உடையும்.

ஹீலியோஸ் 44-2 வாங்கலாமா என்றும் அடுத்துக் கேட்பீர்கள். ஜெர்மனியின் பயோட்டார் 58 எம்எம் லென்ஸைப் பார்த்து சோவியத்தில் செய்தது. எஃப் 2-ல் பின்னால் இலைகள் சுழல்வது முதலில் அழகாக இருக்கும், அப்புறம் எல்லாப் படமும் ஒரே படமாகத் தெரியும். எனக்கு அலுத்துவிட்டது. பிடித்தவர்கள் கோபப்பட வேண்டாம்.

வாங்கும்போது அப்பெர்ச்சரை முழுதாகத் திறந்து, பின்பக்கமிருந்து செல்போன் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். நூல் நூலாகக் கிளை விட்டிருந்தால் பூஞ்சை. நம் ஊர் ஈரக்காற்றில் இது சகஜம், முற்றிவிட்டால் கண்ணாடியையே அரித்துவிடும், துடைத்தாலும் தழும்பு போகாது. தூசிக்குப் பயப்படாதீர்கள், அது படத்தில் தெரியாது. வாங்கியபின் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். அரிசிக்குள் புதைக்கச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்டால் தவிட்டுத்தூள்தான் மிச்சம்.

உங்கள் கேமரா மாடலை எழுதுங்கள், எந்த அடாப்டர் என்று சொல்கிறேன்.