மைலேஜ் மூன்று கிலோமீட்டர் குறைந்துவிட்டது: காரணம் பெட்ரோல் பங்க்கா, ஓட்டுபவரின் காலா?

காங்கேயத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "வணக்கமுங்க. 2021-ல் எடுத்த 1.2 லிட்டர் பெட்ரோல் கார். ஆரம்பத்தில் லிட்டருக்கு 18 கொடுத்தது. இப்போது 15-ஐத் தாண்டமாட்டேன் என்கிறது. பங்க்கில் கலப்படமா, இல்லை எத்தனால்தான் காரணமா? 95 ஆக்டேன் பெட்ரோலுக்கு மாறிவிடலாமா? இதே வண்டியை மச்சான் எடுத்துப் போனால் மட்டும் கூடுதலாகக் கொடுக்கிறதுங்க. தினமும் வீட்டிலிருந்து தேங்காய்க் களத்துக்கு மூன்று கிலோமீட்டர், வாரம் ஒரு தடவை பல்லடம் வழியாகக் கோவை. அவ்வளவுதான் ஓட்டம்."

பாதிப் பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். வண்டி அதே வண்டி, டேங்க்கில் இருப்பதும் அதே பெட்ரோல். மச்சான் கையில் மட்டும் கூடுதலாக ஓடுகிறது என்றால் முழுப் பழியையும் பங்க் மேல் போட முடியாது. இருந்தாலும் எரிபொருளின் பங்கு எவ்வளவு என்று முதலில் கழித்துவிடுவோம்.

ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் சக்தி இருக்கிறது. எத்தனாலில் 21தான். நீங்கள் வண்டி எடுத்த காலத்தில் பங்க்கில் கிடைத்தது 10 சதவீதத்துக்குள் எத்தனால் கலந்த பெட்ரோல். இப்போது 20 சதவீதம். கணக்குப் போட்டால் லிட்டருக்கு 4 சதவீதம் போலச் சக்தி குறைகிறது. 18-ல் 4 சதவீதம் என்பது முக்கால் கிலோமீட்டருக்கும் சற்றுக் கம்மி. 20 சதவீதக் கலவைக்கு ஏற்ற வண்டிகள் 2023 ஏப்ரல் முதல்தான் பரவலாக வர ஆரம்பித்தன. உங்களுடையது அதற்கு முந்தைய எஞ்சின் என்பதால் தாராளமாக ஒரு கிலோமீட்டர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மீதி இரண்டு கிலோமீட்டர் வேறெங்கோ போகிறது. பழைய வண்டிகளில் பெட்ரோல் ஹோஸ், ரப்பர் சீல் இவற்றை எத்தனால் காலப்போக்கில் கெடுக்கலாம். அடுத்த சர்வீஸில் அதை மட்டும் ஒரு பார்வை பார்க்கச் சொல்லுங்கள்.

95 ஆக்டேனுக்கு மாறுவது வீண் செலவு. எஞ்சினுக்குள் பெட்ரோல் நேரத்துக்கு முன்னால் தானாக வெடித்துத் தட்டாமல் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பதற்கான அளவுதான் ஆக்டேன். அதில் எவ்வளவு சக்தி இருக்கிறது என்பதற்கல்ல. உங்கள் வண்டியின் கையேட்டில் 91 போதும் என்று போட்டிருந்தால், 95 ஊற்றினாலும் அதற்கு அதை வைத்துச் செய்ய ஒன்றுமில்லை. இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது: எத்தனாலின் ஆக்டேன் அதிகம் என்பதால், 20 சதவீதம் கலந்த சாதாரணப் பெட்ரோலே இப்போது 95-ஐத் தொட்டுவிட்டது. டேங்க்கில் ஊற்றும் குப்பி மருந்து, பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம் என்று விற்பவையும் இந்த வகைதான். காசு உங்களுடையது.

கலப்படச் சந்தேகம் இருந்தால் பங்க்கிலேயே சோதிக்கலாம், சங்கடப்படத் தேவையில்லை. அங்கே ஃபில்டர் பேப்பர் வைத்திருக்க வேண்டும், கேளுங்கள். நாசிலின் வாயைத் துடைத்துவிட்டு ஒரு சொட்டுப் பெட்ரோலைத் தாளில் விடச் சொல்லுங்கள். நல்ல பெட்ரோல் என்றால் இரண்டு நிமிடத்தில் ஆவியாகிவிடும், கறை நிற்காது. எண்ணெய் மாதிரி ஒரு வட்டம் தங்கினால் யோசிக்க வேண்டும். அளவில் சந்தேகம் இருந்தால் முத்திரை போட்ட ஐந்து லிட்டர் கேனில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். 25 மில்லிக்கு மேல் குறையக்கூடாது. இரண்டும் வாடிக்கையாளரின் உரிமை. அளவு குறைந்தால் மைலேஜ் குறைந்த மாதிரியே தெரியும் என்பதால், என்னைக் கேட்டால் தாளைவிடக் கேன் சோதனையைத்தான் முதலில் செய்வேன்.

சரி, 18, 15 என்ற எண்களை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? டேஷ்போர்டில் காட்டுவதை வைத்தா? அது பெரும்பாலும் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். டேங்க் நிரப்பி நாசில் முதல் தடவை தானாக நின்றதும் நிறுத்துங்கள், ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். 300 கிலோமீட்டராவது ஓடிய பிறகு அதே பங்க், அதே பம்ப், அதே முதல் 'டக்'. ஓடிய தூரத்தைப் பிடித்த லிட்டரால் வகுங்கள். இப்படி மூன்று நான்கு டேங்க் பார்த்தால்தான் அது கணக்கு. வண்டியை ஆட்டி ஆட்டிக் கழுத்துவரை ஊற்றுபவர்கள் கணக்கையும் கெடுக்கிறார்கள். பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் கரிப் பெட்டியையும் நனைத்துக் கெடுக்கிறார்கள்.

இனி ஓட்டத்துக்கு வருவோம். எனக்கு முதல் சந்தேகம் அந்த மூன்று கிலோமீட்டர் மேல்தான். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கம்ப்யூட்டர் வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பெட்ரோல் கொடுக்கும். டெம்பரேச்சர் முள் தன் இடத்துக்கு வருவதற்குள் உங்கள் களம் வந்துவிடுகிறது. அங்கே வண்டி ஆறிவிடும், திரும்பும்போது மறுபடி முதலிலிருந்து. அப்புறம் களத்தில் ஆள் வருகிற வரைக்கும், லோடு ஏறுகிற வரைக்கும் ஏ.சி. போட்டு வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருப்பது. நிற்கிற வண்டி ஒரு மணி நேரத்துக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை குடிக்கும், மீட்டரில் ஒரு கிலோமீட்டரும் ஏறாது. 2021-ல் களத்துக்கு இத்தனை தடவை போனீர்களா என்று யோசித்துப் பாருங்கள். அப்போது கோவை ஓட்டம் அதிகம், இப்போது களத்து ஓட்டம் அதிகம் என்றால் வண்டியில் எந்தக் கோளாறும் இல்லாமலேயே மைலேஜ் இறங்கும். காலையில் களம், வங்கி, மளிகை எல்லாவற்றையும் ஒரே சுற்றில் முடிப்பது எந்தக் குப்பி மருந்தையும்விடப் பலன் தரும். மொபெட் இருந்தால் களத்துக்கு அதுவே போதும்.

கோவை ஓட்டத்தில் நம் பக்கத்துக்கே உரிய ஒரு சங்கதி இருக்கிறது: காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற தென்மேற்குப் பருவக்காற்றுக்குக் குறுக்கே ஒன்றும் கிடையாது. அதை நம்பித்தான் பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் இத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. காங்கேயத்திலிருந்து கோவைக்குப் போவது மேற்கு நோக்கி, அதாவது அந்தக் காற்றின் முகத்துக்கு நேராக. நீங்கள் 80-ல் போகிறீர்கள், எதிர்காற்று 25 என்றால் வண்டிக்கு அது 105-ல் போகிற மாதிரி. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், காற்றில்லாத நாளைவிட 70 சதவீதத்துக்கு மேல் கூடுதல் தடை. திரும்பும்போது பின்காற்று தள்ளுமே என்பீர்கள். தள்ளும்தான், ஆனால் போகும்போது இழந்த அத்தனையும் கைக்கு வராது. இரண்டையும் கூட்டிப் பார்த்தால் நஷ்டம்தான். அதனால் ஆடி மாதக் கணக்கை மார்கழிக் கணக்கோடு ஒப்பிட்டுவிட்டுப் பங்க்கில் போய்ச் சண்டை போடாதீர்கள். ஆடியோடு ஆடியை ஒப்பிடுங்கள்.

இதே வர்க்கக் கணக்கு வேகத்துக்கும் பொருந்தும். 80-லிருந்து 100-க்கு ஏறினால் காற்றுத் தடை ஒன்றரை மடங்குக்கு மேல். பல்லடம் நெரிசலும் சூலூர் சிக்னலும் இருக்கிற ரோட்டில் 100-ல் பறந்து நீங்கள் மிச்சம் பிடிக்கிற நேரம் ஒரு டீ குடிக்கிற நேரம்கூட இருக்காது. கம்பெனி விளம்பரத்தில் சொல்கிற மைலேஜோ, ஆய்வுக்கூடத்தில் உருளைகள் மேல், ஏ.சி. இல்லாமல், 90-ஐத் தாண்டாமல் ஓட்டி எடுத்தது. அதோடு உங்கள் வண்டியை ஒப்பிட்டு மனம் நொந்துகொள்ள வேண்டாம்.

மச்சான் ரகசியம் பெரும்பாலும் பிரேக்கில்தான் இருக்கும். ஒரு தடவை அவர் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து அவர் காலை மட்டும் பாருங்கள். தூரத்தில் வேகத்தடையோ, பஸ் நிற்பதோ தெரிந்ததும் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு கியரிலேயே வண்டியை உருளவிடுவார். கியரில் இருந்துகொண்டு காலை எடுத்தால் இன்ஜெக்டர் பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும். அந்தத் தூரம் இலவசம். வேகத்தடை வரைக்கும் மிதித்துக்கொண்டே போய், கடைசியில் பிரேக் அடித்து, மறுபடி செகண்ட் கியரில் உறுமி எடுப்பவர் ஒவ்வொரு தடவையும் காசு கொடுத்து வாங்கிய வேகத்தைப் பிரேக் டிரம்மில் சூடாக்கி விட்டுவிடுகிறார். நியூட்ரலில் உருட்டுவது இதற்கு நேர் எதிர்: எஞ்சின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் ஓடிக்கொண்டே இருக்கும். திம்பம், வால்பாறை இறக்கத்தில் அப்படிச் செய்வது உயிருக்கே ஆபத்து, மிச்சமும் கிடையாது.

டயர் காற்றை வண்டி ஓடுவதற்கு முன், காலைக் குளிர்ச்சியில் பாருங்கள். கோவை போய் வந்து சூடாக இருக்கும்போது பிடித்தால் கூடுதலாகக் காட்டும், சரியாக இருக்கிறது என்று நினைத்துவிடுவோம். சரியான அளவு டிரைவர் கதவுப் பக்கத்து ஸ்டிக்கரில் இருக்கும். நான்கு டயரிலும் ஐந்து பி.எஸ்.ஐ. குறைந்தால் சுமார் ஒரு சதவீத மைலேஜ் போகும். பெரிய தொகையல்ல, ஆனால் சும்மா கிடைப்பது.

இத்தனையும் செய்து, நான்கு டேங்க் கணக்கு பார்த்த பிறகும் 16-க்குக் கீழேயே நின்றால், களத்திலிருந்து திரும்பியதும் நான்கு சக்கரத்தின் ரிம் பக்கத்திலும் கையை மெல்லக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலடித்தால் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. மெக்கானிக்கிடம் ஜாக்கி வைத்துத் தூக்கி, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, சக்கரத்தைக் கையால் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். அதன் பிறகு ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக். பெட்ரோல் பங்க்கை மாற்றுவதெல்லாம் அதற்கும் அப்புறம்தான்.