பழைய ஃபிலிம் ரோலின் ஓரத்தில் எண்களும் புள்ளிகளும் இருக்கின்றன. கேமராவுக்குள்ளேயே இப்படி எழுத முடியுமா?

புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் ஒரு 16 எம்.எம். ரோல் வாங்கினீர்கள், படத்துக்கு வெளியே ஓரத்தில் என்னவோ எண்கள் தெரிகின்றன, அது கம்பெனி போட்டதா கேமரா போட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். ரெண்டுமே இருக்கலாம். நான் தொண்ணூறுகளில் கேமரா அசிஸ்டன்டாக இருந்தவன். சேஞ்சிங் பேக் என்கிற வெளிச்சம் புகாத பைக்குள் கையை விட்டு, மேகசினில் (கேமராவில் மாட்டுகிற ஃபிலிம் பெட்டி) ஃபிலிம் லோடு பண்ணுவதுதான் முக்கால்வாசி வேலை, அதனால் படத்தைவிட ஓரம்தான் எனக்கு நன்றாகத் தெரியும்.

முதலில் கம்பெனி போடுவது. ஃபிலிமைத் தயாரிக்கும்போதே ஓரத்தில் ஒளியால் எண்ணைப் பதித்துவிடுவார்கள், டெவலப் செய்தால்தான் கண்ணுக்குத் தெரியும். எட்ஜ் நம்பர் என்போம். 1990 வாக்கில் கோடாக் அதனுடன் பார்கோடையும் சேர்த்து கீகோடு என்று கொண்டுவந்தது. எடிட் முடிந்த பிரதியைப் பார்த்து ஒரிஜினல் நெகட்டிவை வெட்டி ஒட்டுகிற நெகட்டிவ் கட்டருக்கு இந்த எண் இல்லையென்றால் கை ஒடிந்த மாதிரி. ஆனால் இது எந்த அடி, எந்த ஃபிரேம் என்று மட்டும்தான் சொல்லும். எப்போது எடுத்தது என்று சொல்லாது.

எப்போது எடுத்தது என்பதைக் கேமராதான் எழுத வேண்டும். வீட்டுக் கல்யாண ஆல்பத்தில் ஃபோட்டோ மூலையில் ஆரஞ்சு நிறத்தில் தேதி இருக்குமே, அதே வேலைதான். கேமராவுக்குள் ஒரு குட்டி விளக்கு, அது ஃபிலிமில் எண் வடிவில் வெளிச்சம் அடிக்கிறது. சினிமா கேமராவில் அது படத்தின் மேல் விழக்கூடாது, ஓரத்தில் விழ வேண்டும், அதுவும் ஃபிலிம் நொடிக்கு 24 ஃபிரேம் ஓடிக்கொண்டிருக்கும்போது. இதை உருப்படியாகச் செய்தவர்களில் முக்கியமானவர் பிரான்ஸில் க்ரெனோபிள் ஊரில் ஆட்டோன் கம்பெனியைத் தொடங்கிய ழான்-பியர் போவியாலா. 2019-இல் இறந்துவிட்டார். அவர் கேமராவில் வரிசையாக நுண்ணிய எல்.ஈ.டி.கள் இருக்கும், அவை தேதியையும் நேரத்தையும் மனிதன் படிக்கிற எண்களாகவும், மெஷின் படிக்கிற புள்ளிக் கட்டமாகவும் பக்கத்துப் பக்கத்தில் எழுதும். இதைத்தான் டைம்கோடு என்போம். காலையில் ஒரே மாஸ்டர் கிளாக்கை வைத்து கேமராவுக்கும் சவுண்ட் ரெக்கார்டருக்கும் நேரம் கொடுத்துவிட்டால் போதும், அப்புறம் ஒலியைப் படத்தோடு பொருத்த கிளாப் அடிக்க வேண்டியதில்லை. கடிகாரம் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் ஒரு ஃபிரேம் தள்ளிப்போக 11 மணி நேரத்துக்கு மேல் ஆகும், கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இனி என் சொந்தக் கதை. பிரான்ஸிலிருந்து டாக்குமெண்டரி எடுக்க வந்த ஒரு குழுவுடன் மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் போனேன். மயிலம் முருகன் கடலுக்கு வருகிற அந்தக் கூட்டத்தில் கிளாப் போர்டைத் தூக்கிப் பிடித்தால் போர்டும் போகும் ஆளும் போவான், அதனால் முழுக்க ஓரத்து டைம்கோடை நம்பித்தான் எடுத்தோம். காலை வெயிலில் 50 ஏ.எஸ்.ஏ. ஃபிலிம் (ஏ.எஸ்.ஏ. என்பது ஃபிலிமின் வேகம், கூடினால் குறைந்த வெளிச்சமே போதும்), இருட்டிய பிறகு டியூப் லைட் வெளிச்சத்தில் 500. மேகசினை மாற்றினேன், மேலே டேப் ஒட்டி ஸ்டாக் நம்பரும் எழுதினேன். ஆனால் டைம்கோடு எழுதுகிற எல்.ஈ.டி.க்கும் ஃபிலிமின் வேகத்தைச் சொல்லி வைக்க வேண்டும், அதை 50-லேயே விட்டுவிட்டேன். பத்து மடங்கு வேகமான ஃபிலிமில் பத்து மடங்கு வெளிச்சம். லேப்பிலிருந்து வந்த நெகட்டிவை லைட் பாக்ஸில் வைத்து லூப்பில் (கண்ணில் வைத்துப் பார்க்கிற சின்ன பூதக்கண்ணாடி) பார்த்தபோது வயிறு கலங்கியது: 8 எது, 6 எது, 0 எது என்றே தெரியவில்லை, எல்லாம் ஊதிப்போய் கருப்பு உளுந்து மாதிரி. புள்ளிக் கட்டம் ஒரே தீற்றல். எடிட்டர் திட்டவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. தவில்காரர் குச்சி தோலில் படுகிற ஃபிரேமைத் தேடிப் பிடித்து, ஒலி டேப்பில் அந்த அடியின் சத்தத்தை அதோடு பொருத்தி, ஷாட் ஷாட்டாக மூன்று நாள் உட்கார்ந்தோம். தவில் இல்லாத ஷாட்டுக்கு வெடிச் சத்தம்.

இதைவிட எளிமையான பழைய வழியும் உண்டு. கேமரா ஓடத் தொடங்கியதும் ஒரு சின்ன பல்பு எரிந்து முதல் சில ஃபிரேம்களில் வெளிச்சம் அடித்துக் கெடுத்துவிடும், அதே நேரம் ரெக்கார்டருக்கு ஒரு பீப் போகும். கெட்ட ஃபிரேம்கள் முடிகிற இடமும் பீப் முடிகிற இடமும் ஒன்று. முட்டாள்தனமாகத் தெரியும், ஆனால் கெட்டுப்போக இதில் ஒன்றுமே இல்லை. ஹை-ஸ்பீடு கேமராவில் இன்னொரு விதம்: நொடிக்கு 100 தடவை மின்னுகிற விளக்கு ஓரத்தில் கோடு போட்டுக்கொண்டே போகும். ரெண்டு கோட்டுக்கு நடுவில் 30 ஃபிரேம் இருந்தால் அந்த இடத்தில் கேமரா நொடிக்கு 3000 ஃபிரேம் ஓடியிருக்கிறது. அப்புறம் ஒலியையே ஓரத்தில் பதிந்த கேமராக்களும் இருந்தன. சூப்பர் 8-இல் காந்தப் பட்டை, ஒலி படத்துக்கு 18 ஃபிரேம் முன்னால் இருக்கும், அதனால் படத்தை வெட்டினால் வேறு யாரோ பேசுகிற வார்த்தை பாதியில் போகும்.

நம் ஊர் சினிமாவில் இதையெல்லாம் ஏன் அதிகம் பார்க்கவில்லை என்றால், பல காலம் சத்தம் போடுகிற ஆரிஃப்ளெக்ஸ் கேமராவில் எடுத்து டப்பிங்கில் குரல் சேர்த்தார்கள். ஸ்பாட்டில் பதிந்த ஒலியே படத்துக்குப் போகாதபோது டைம்கோடு எதற்கு? கிளாப்பும் எட்ஜ் நம்பரும் ரிப்போர்ட் ஷீட்டும் போதுமாக இருந்தது.

சரி, உங்கள் ரோலுக்கு வருவோம். லூப் இல்லையென்றால் 50 எம்.எம். லென்ஸைத் திருப்பிப் பிடித்துப் பாருங்கள். அடுத்தடுத்த எண்களுக்கு நடுவில் எத்தனை ஃபிரேம் என்று எண்ணுங்கள். 16 எம்.எம்.-இல் ஒரு அடிக்கு 40 ஃபிரேம், ஆகவே 20 அல்லது 40 ஃபிரேமுக்கு ஒரு எண் என்றால் கம்பெனி போட்டது. 24 அல்லது 25 ஃபிரேமுக்கு ஒருமுறை ஒரு நொடி கூடுகிற மாதிரி இருந்தால் கேமரா கடிகாரம். உங்கள் ரோல் நெகட்டிவிலிருந்து எடுத்த பிரிண்ட் என்றால் நெகட்டிவின் எண்ணே இதன் மேல் ஏறி வந்திருக்கலாம், ரெண்டு வரிசை தெரிந்தால் குழம்ப வேண்டாம். கையுறை போட்டுக்கொண்டு ஓரத்தை மட்டும் பிடியுங்கள், டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் மற்ற ரோல்களோடு சேர்த்து வைக்காதீர்கள். தேதி தெரிந்தால் இங்கே போடுங்கள். மாசி மாதம், உளுந்து மாதிரி எண் என்றால் கட்டாயம் போடுங்கள்.