ராணியையே முடிசூட்டு விழாவுக்குள் விடவில்லையாமே, உண்மையா?

உண்மைதான். 1821 ஜூலை 19, பிரிட்டன் மன்னர் நான்காம் ஜார்ஜின் முடிசூட்டு விழா. அவர் மனைவி கரோலின் விழா நடந்த வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தின் கதவு கதவாகப் போய் நின்றார். அனுமதிச் சீட்டு எங்கே என்று ராணியிடமே கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஆரம்பமே கோணல். 1785-லேயே மரியா ஃபிட்ஸ்ஹெர்பர்ட் என்ற கத்தோலிக்க விதவையை ரகசியமாக மணந்திருந்த ஜார்ஜ் (அப்போது அரசராக இருந்த அப்பாவின் சம்மதம் இல்லாததால் சட்டப்படி செல்லாது, அது வேறு கதை), கழுத்தளவு கடன் அடைய வேண்டுமே என்றுதான் 1795-ல் கரோலினைக் கட்டிக்கொண்டார். பெண்ணை முதன்முதலில் பார்த்த கையோடு பிராந்தி கேட்டாராம் மாப்பிள்ளை!

அப்புறம் 1820-ல், கரோலினுக்குக் கள்ளத்தொடர்பு என்று சொல்லி அவரை விலக்க நாடாளுமன்றத்தில் மசோதாவே கொண்டுவந்தார்கள். புகார் சொன்னவரின் யோக்கியதை ஊருக்கே தெரியுமே, மக்கள் ராணி பக்கம் நின்றார்கள், மசோதாவும் கைவிடப்பட்டது. விழா முடிந்து மூன்று வாரத்துக்குள் கரோலின் இறந்துபோனார்.