கவர்னர் கிரகரியின் வீடு: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கொழும்பு அருங்காட்சியகத்தின் முன்னால் நிற்கும் கவர்னர் கிரகரியின் சிலையைச் சிறு வயதிலிருந்தே பார்த்து வருகிறேன். அயர்லாந்திலிருந்த அவருடைய வீட்டை விடுதலைப் போரின்போது கிளர்ச்சியாளர்கள் எரித்துவிட்டதாக ஓர் உரையில் கேட்டேன். உண்மைதானா? அங்கே போனால் பார்ப்பதற்கு ஏதாவது மிஞ்சியிருக்கிறதா?

ஒரு வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள வாசகிக்கு,

எரிக்கவில்லை. கால்வே மாவட்டத்தில் கொர்ட் என்ற சிற்றூருக்கு அருகே இருந்த அந்த வீடு, கூல் பார்க், 1941இல் கல்லுக்காக இடிக்கப்பட்டது. தவறான செய்தி எப்படிப் பரவியது என்று ஊகிக்க முடிகிறது. 1920 முதல் 1923 வரை அயர்லாந்தில் ஏறத்தாழ 300 ஜமீன் வீடுகள் தீக்கிரையாயின. கிரகரியின் மனைவி அகஸ்டா பிறந்து வளர்ந்த ராக்ஸ்பரோ வீடும் 1922இல் எரிந்தது. கூல் தப்பித்தது. அதை அழித்தவை உயிலும் கிரயப் பத்திரமும் ஏலமும்தான்.

கிழக்கிந்தியக் கம்பெனியில் பொருள் சேர்த்துத் திரும்பிய ராபர்ட் கிரகரி 1768இல் அந்த நிலத்தை வாங்கினார். உங்கள் கவர்னர் வில்லியம் அவர் வழிவந்தவர். 1872 முதல் 1877 வரை இலங்கையை ஆண்டவர். அருங்காட்சியகமும் நுவரெலியா ஏரியும் அவர் காலத்தவை. நுவரகலாவியாவை வட மாகாணத்திலிருந்து பிரித்து வட மத்திய மாகாணத்தை 1873இல் உண்டாக்கியவரும் அவரே. ஆனால் அயர்லாந்தில் அவர் பெயரைச் சொன்னால் நினைவுக்கு வருவது வேறொன்று. பெரும் பஞ்சத்தின் நடுவே, 1847இல், நாடாளுமன்றத்தில் அவர் சேர்த்த ஒரு விதி: கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவருக்குப் பஞ்ச நிவாரணம் இல்லை. கஞ்சிக்காக நிலத்தை விட்டுக்கொடுத்த குடியானவர்களின் குடிசைகள் ஆயிரக்கணக்கில் தரைமட்டமாயின. அந்த வீட்டின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இதைத் தாண்டிப் போகக் கூடாது.

கிரகரி 1892இல் இறந்தார். வீடு மகன் ராபர்ட்டுக்கு. அங்கே வாழும் உரிமை மட்டும் அகஸ்டாவுக்கு. அவர் அதை அயர்லாந்து எழுத்தாளர்களின் தாய்வீடாக்கினார். கவிஞர் யேட்ஸ் ஆண்டுதோறும் கோடையில் வந்து தங்கினார். 1904இல் டப்ளினில் தொடங்கிய அபே நாடக அரங்குக்கான வேலைகள் பல நடந்ததும் இங்கேதான். ராபர்ட் 1918இல் விமானியாக இத்தாலியில் இறந்ததும் சொத்து அவர் மனைவி மார்கரெட்டின் கைக்குப் போனது. 1921 மே மாதம் அருகிலுள்ள பாலிடூரின் வீட்டு வாசலில் நடந்த தாக்குதலில், உடன் வந்த நால்வர் சுடப்பட்டு இறக்க, மார்கரெட் மட்டும் உயிர் பிழைத்தார். அந்த ஊரில் தங்க அவருக்கு மனமில்லாமல் போனதில் வியப்பில்லை. குத்தகை நிலங்களும் குடியானவர்களிடம் போய்விட்டன. குத்தகை வருமானம் வராத பெரிய வீடு வெறும் செலவு.

1927இல் காட்டோடு வீட்டையும் அரசு வாங்கியது. அகஸ்டா ஆண்டுக்கு 100 பவுண்டு வாடகை கொடுத்துத் தம் வீட்டிலேயே குடியிருந்தார். 1932 மே மாதம் அவர் இறந்தார். ஆகஸ்டில் சாமான்கள் ஏலம் போயின. வனத்துறைக்கு வேண்டியது மரமும் நிலமும். ஆளில்லாத கல் வீட்டுக்கு முதல் எதிரி கூரை ஒழுக்கு: ஈயத் தகடு விலகினால் தண்ணீர் உத்தரத்தின் முனைகளில் இறங்கும், முனை மக்கினால் தளம் சரியும். ஒன்பது ஆண்டுகள் கழித்து வீட்டை ஓர் ஒப்பந்தக்காரருக்கு விற்றார்கள். விடுதலை பெற்ற நாடு, தன் இலக்கியம் கூடிப் பேசிய வீட்டைக் கல் விலைக்குக் கொடுத்தது என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

மிஞ்சியவை: வீட்டின் அடித்தளம், குதிரைலாய முற்றம் (இப்போது பார்வையாளர் மையம்), மதில் சூழ்ந்த தோட்டம். தோட்டத்திலுள்ள செம்பழுப்பு இலை பீச் மரத்தில் யேட்ஸ், நாடகாசிரியர்கள் பெர்னார்ட் ஷா, ஜே. எம். சிங், பின்னாளில் நாட்டின் முதல் குடியரசுத் தலைவரான டக்ளஸ் ஹைட் ஆகியோர் செதுக்கிய பெயரெழுத்துகள் உள்ளன. பட்டை பருக்கப் பருக்க எழுத்துகள் அகன்றுவிட்டன; படத்தோடு ஒப்பிட்டால்தான் பல எழுத்துகள் புலப்படும். கம்பி வேலிக்குள் கை நீட்ட வேண்டாம்.

வீடு இருந்த காலத்தைத் தேட, 1850களின் கிரிஃபித் நில மதிப்பீட்டுப் பதிவேட்டை இணையத்தில் பாருங்கள். அதில் 'ஆபீஸ்' என்று வருவது அலுவலகம் அல்ல. தொழுவம், லாயம் போன்ற புறக்கட்டடங்கள். பழைய பத்திரங்களில் வரும் ஐரிஷ் ஏக்கர் இன்றைய ஏக்கரைப் போல ஏறத்தாழ 1.62 மடங்கு, மாற்றாமல் கூட்டினால் பரப்பு பிசகிவிடும்.

அங்குள்ள ஏரி சுண்ணாம்புக்கல் பிளவுகள் வழியே ஏறி இறங்குவது. தண்ணீர் நிலத்தடியிலேயே ஓடி கின்வாரா கடற்கரையில் வெளிப்படுகிறது. குளிர்காலத்தில் அன்னங்கள் வரும், ஆனால் ஏரிக்கரைப் பாதைகள் மூழ்கிக் கிடக்கலாம். காட்டுக்குள் நடக்க விரும்பினால் கோடையில் போங்கள்.